கோஸ்தான் அண்ணன் மேய்த்த வண்டிகள்

மலாக்கா மாநிலத்தில் முன்பக்கமாகப் போகத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் கோஸ்தான் அண்ணன்தான். நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் எங்கள் தொழிற்சாலைக்கு வந்து யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம். வாசல் காவலாளி முதல் கேண்டீனில் நாசி லெமாக் கட்டித் தரும் அம்மா வரை அத்தனை பேரும் சாட்சி சொல்வார்கள்.

கோஸ்தான் என்றால் வண்டியைப் பின்பக்கமாக விடுவது. அது எந்த மொழிச் சொல் என்று என்னைக் கேட்காதீர்கள். இந்த நாட்டில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட எல்லாருக்கும் அது தெரியும், எனக்கும் அவ்வளவுதான் தெரியும். அண்ணன் எங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். கார் விளக்குகளுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்கிற தொழிற்சாலை எங்களுடையது. பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கித் தூக்கினால் எதிரே வருவது தெரியாது, அதனால் பின்பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும் என்பது விதி. அண்ணன் அந்த விதியை வண்டியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கேண்டீனில் தட்டை ஏந்திக்கொண்டு, கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடி, பின்பக்கமாகவே நடந்து வந்து நாற்காலியில் உட்காருவார். வரும்போது வாயால் "பீப், பீப்" என்று சத்தம் கொடுப்பார். ஒரு காலத்தில் வண்டியின் பீப் பழுதாகிப்போய், சரிசெய்யும்வரை வாயால் சமாளித்தாராம். வண்டி சரியாகிவிட்டது. அண்ணன் சரியாகவில்லை.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஒருமுறை மனிதவளத் துறைக்குப் புதிதாக வந்த பெண் ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைச் சொல்லி, உடனே ஆபீசுக்கு வரும்படி அழைத்தாள். தொழிற்சாலையே அது யார் என்று யோசித்தது. அண்ணன் தன் பங்குக்கு என் மேசைக்கு வந்து, "யாரு தங்கச்சி அது? பாவம், என்னா தப்பு பண்ணானோ," என்று கவலைப்பட்டார்.

நான் அங்கே உற்பத்தித் திட்டமிடும் பகுதியில் இருக்கிறேன். எந்த இயந்திரம் எதை எப்போது செய்ய வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. முடிவு செய்தபடி எதுவும் நடக்காதபோது திட்டு வாங்குவதும் என் வேலை. அண்ணனுக்கு என் மேசை இளைப்பாறும் இடம். தேவையில்லாத கேள்வி கேட்டு ஒருவரை எப்படி வேலை செய்யவிடாமல் தடுப்பது என்பதில் அவர் கைதேர்ந்தவர்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் எங்கள் தொழிற்சாலைக்கு அறிவு வந்தது.

மேலாளர் மிஸ்டர் லிம் எல்லாரையும் கேண்டீனில் கூட்டி வைத்து விளக்கினார். இனிமேல் ஒவ்வோர் இயந்திரத்திலும் உணர்கருவி இருக்கும். சூடு ஏறினாலும் அதிர்வு கூடினாலும் அதுவே கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். மூடியில் கீறல் இருக்கிறதா என்று கேமரா பார்க்கும். பெட்டிகளைக் கிடங்குக்குக் கொண்டுபோக, ஆளே இல்லாமல் தானாக ஓடும் தட்டை வண்டிகள் வரும். எல்லாவற்றையும் ஒரு பெரிய திரையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். சுருங்கச் சொன்னால், தொழிற்சாலை இனித் தானே யோசிக்கும்.

கடைசி வரிசையிலிருந்து அண்ணன் கையைத் தூக்கினார். "பாஸ், அது யோசிச்சா நாம என்னா பண்றது?" என்று மலாயில் கேட்டார்.

லிம் கொஞ்சம் சங்கடப்பட்டார். ஃபோர்க்லிஃப்ட் போகப்போகிறது என்பதை அவர் அதுவரை யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. "அங்கிள், யூ ஜாகா சாஜா லா," என்றார். சும்மா அந்த வண்டிகளைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று அர்த்தம். ஆறுதலுக்காகச் சொன்ன சொல் அது. அண்ணன் அதைப் பதவியாக எடுத்துக்கொண்டார்.

இங்கே அண்ணனின் பூர்வீகத்தை ஒரு வரி சொல்லியாக வேண்டும். லூபோக் சீனா பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். அவருடைய அப்பா ரப்பர் மரம் சீவிய நேரம் போக மாடு வைத்துப் பால் ஊற்றியவர். அண்ணன் பள்ளிக்கூடம் போன நேரம் போக, போகாத நேரமும் சேர்த்து, ரப்பர் மரங்களுக்கு நடுவில் மாடு மேய்த்தவர். இப்போது புக்கிட் காத்திலில் தாமான் வீடு, சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்பு. அங்கே பூனை வளர்க்கக்கூட அண்ணி அனுமதிக்கவில்லை. இப்படிப்பட்ட மனிதரிடம் ஐந்து வண்டிகளைக் கொடுத்து, பார்த்துக்கொள் என்று சொன்னால் என்ன ஆகும்?

வண்டிகள் வந்து இறங்கின. முழங்கால் உயரம், முன்னால் ஒரு லேசர் கண், வயிற்றுக்கு அடியில் ஒரு கேமரா. தரையில் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கோட்டை அந்தக் கேமரா பார்த்துக்கொண்டே போகும். முன்னால் யாராவது வந்தால் லேசர் கண் பார்த்து வண்டியை நிறுத்திவிடும். மின்சாரம் குறைந்தால் தானாகப் போய்ச் சுவரோரம் இருக்கும் சார்ஜரில் சேர்ந்து நிற்கும். அண்ணன் இந்தக் கடைசி விஷயத்தைப் பார்த்ததும் உருகிவிட்டார்.

"பாத்தியா தங்கச்சி? பசிச்சா தானா தொட்டிக்குப் போவுது! எங்க வீட்டு மாடுங்களுக்கு இந்தப் புத்தி இல்ல லா. ஆத்துப் பக்கம் போய் நின்னுக்கும், நான்தான் ஓடணும்."

ஒரு வாரத்துக்குள் ஐந்துக்கும் பெயர் வைத்துவிட்டார். லட்சுமி, சிவகாமி, பச்சையம்மா, செவலை, கள்ளி. ஐந்தும் ஒரே அச்சில் வார்த்த சாம்பல் நிறப் பெட்டிகள். எப்படி அடையாளம் தெரிகிறது என்று கேட்டேன். "மூஞ்சப் பாத்தா தெரியாதா?" என்றார். கள்ளிக்கு மட்டும் திருப்பத்தில் ஒரு விநாடி தயங்குகிற பழக்கம் இருந்தது. அதை நிறுவனத்துக்காரர்கள் மென்பொருள் கோளாறு என்றார்கள். அண்ணன் அது திமிர் என்றார்.

அடுத்து எல்லா வண்டிக்கும் மணி கட்டினார். பாசாரில் வாங்கிய பித்தளை மணி. நான் பாதுகாப்பு அதிகாரி ரோஸ்லி வந்து பிடுங்கிப் போடுவார் என்று எதிர்பார்த்தேன். ரோஸ்லி வந்தார், கேட்டார், தலையாட்டினார். வண்டிகள் சத்தமில்லாமல் வந்து பின்னால் நிற்பதால் பெண்கள் பயப்படுகிறார்கள், மணி நல்லது என்று எழுதியே கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே கிணிகிணி என்ற சத்தமும் சேர்ந்துகொண்டது. வாடிக்கையாளர் யாராவது தொலைபேசியில் பேசும்போது, "நீங்கள் கோவிலில் இருக்கிறீர்களா?" என்று கேட்பார்கள்.

பெரிய திரைமேல்தான் அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. என் பகுதிச் சுவரில் அது தொங்குகிறது. தொழிற்சாலை முழுவதும் அதில் சின்னதாகத் தெரியும். இயந்திரங்கள் கட்டங்களாகவும் வண்டிகள் புள்ளிகளாகவும் இருக்கும். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. அண்ணன் ஒருநாள் முழுக்க அதன் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க முயன்றார். திரையில் சிவகாமி மூன்றாம் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்ப்பார். உடனே வெளியே ஓடுவார், பின்பக்கமாகத்தான். அவர் போய்ச் சேருவதற்குள் சிவகாமி கிடங்குக்குப் போயிருக்கும். மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "டிவி பொய் சொல்லுது," என்பார். திரையில் இப்போது சிவகாமி கிடங்கில் இருக்கும். மறுபடி ஓடுவார்.

"அண்ணே, வண்டி ஓடிக்கிட்டே இருக்குண்ணே. நீங்க போறதுக்குள்ள அது நகர்ந்துடும்."

"அப்ப ரெண்டும் பேசி வச்சிக்கிட்டு என்ன ஏமாத்துதா?"

இயந்திரங்கள் கைப்பேசிக்கு அனுப்பும் செய்திகளுக்கும் அவர் மரியாதையாகப் பதில் போட்டுவந்தார். தானாக வருகிற செய்திகள் அவை, பதில் போட்டால் படிக்க யாரும் இல்லை. தீபாவளி அன்று காலையில் ஏழாம் இயந்திரம், 'சூடு அதிகமாகிறது, கவனிக்கவும்' என்று அனுப்பியது. அன்றைக்கு வேலைக்கு வந்திருந்த சீனப் பையன்கள் அதைக் கவனித்துச் சரிசெய்தார்கள். அண்ணன் வீட்டிலிருந்தபடி, 'உனக்கும் உன் குடும்பத்தாருக்கும் இனிய தீபாவளி வாழ்த்துகள்' என்று பதில் அனுப்பியிருந்தார். எட்டாம் இயந்திரத்துக்கும் தனியாக ஒன்று போயிருந்தது, அது கோபித்துக்கொள்ளக் கூடாதாம்.

இதையெல்லாம் வைத்து அவரை வேடிக்கை மனிதர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தொல்லை பிடித்த மனிதரும்கூட. வண்டி ஒன்று பத்து நிமிடம் சார்ஜரில் கூடுதலாக நின்றால் என் உயிரை எடுப்பார். "அவளுக்கு ஒடம்பு முடியல, இன்னிக்கு லீவு குடு," என்பார். நான் கொடுக்கும் திட்டத்தில் கள்ளிக்கு மட்டும் அதிகமாக வேலை போட்டிருக்கிறேன் என்று லிம்மிடம் என்மீது புகார் செய்தார். லிம் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார் என்பதுதான் கொடுமை.

வண்டிகள் வந்து ஓர் ஆண்டு நிறையும்போது அந்தச் செய்தி வந்தது. வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து பீட்டர் என்கிற பொறியாளர் வருகிறார். வண்டிகளை ஒருநாள் முழுக்கப் பார்த்துவிட்டு இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுவார். வண்டிகள் நன்றாக ஓடுகின்றனவா? அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவையா?

இரண்டாவது கேள்வியில்தான் அண்ணன் தொங்கிக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு வயதைத் தாண்டி ஒப்பந்தத்தில் இருந்தார். ஆள் தேவையில்லை என்று எழுதினால் ஒப்பந்தம் அத்தோடு முடியும். அண்ணி என்னிடம் தொலைபேசியில் பேசினார். "தங்கச்சி, எதாச்சும் பண்ணும்மா. போன வருசம் ரெண்டு வாரம் லீவு எடுத்து வீட்டுல இருந்தாரு. வாசிங் மிஷின் பக்கத்துல ஸ்டூலு போட்டு உக்காந்துக்கிட்டு, அது சுத்தி முடிக்கிற வரைக்கும் பேசிக்கிட்டு இருந்தாரு. என்கிட்ட இல்ல, மிஷின்கிட்ட. இந்த மனுசன் அங்கதாம்மா மனுசனா இருக்காரு."

எங்களுக்கு வழி தெரிந்துதான் இருந்தது. பேக்கிங் பகுதியின் கமலா அக்கா அதை வெளிப்படையாகவே சொன்னார். கமலா அக்காவுக்கு ரகசியம் பேசத் தெரியாது. அவர் கிசுகிசுத்தால் கிடங்கில் எதிரொலிக்கும்.

"அண்ணே, வெள்ளக்காரன் வர்ற அன்னிக்கு ரெண்டு வண்டி கண்ணுல சின்னதா டேப்பு ஒட்டிருங்க. அது நின்னுரும். நீங்க போயி தட்டிக் குடுத்து எடுத்து விடுங்க. ஆளு இல்லாம முடியாதுன்னு எழுதிட்டுப் போயிருவான்."

"நல்லா ஓடுற மாட்ட நொண்டின்னு காட்டச் சொல்றியா?" என்றார் அண்ணன்.

"மாடு இல்லண்ணே, மிஷினு."

"நாலு பேரு முன்னாடி அதுங்க பேரக் கெடுத்து நான் சம்பளம் வாங்கணுமா? போ லா."

அன்று முழுவதும் அவர் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. என் மேசைப் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போனார். ஒரு நாளில் இவ்வளவு வேலை முடிந்துவிடும் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

பீட்டர் வருவதாகச் சொன்ன நாளைக் கேட்டதும் நான் நாள்காட்டியைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அது மாட்டுப் பொங்கல்.

காலையில் நான் உள்ளே நுழைந்தபோது சாம்பிராணி வாசம் வந்தது. ஐந்து வண்டிகளும் சார்ஜர் ஓரமாக வரிசையில் நின்றன. அண்ணன் அவற்றைக் குளிப்பாட்டித் துடைத்திருந்தார். மேலே மஞ்சள், சந்தனம், பெரிய குங்குமப் பொட்டு. இரண்டு பக்கமும் கரும்புத் துண்டுகளைக் கொம்பு போல நிமிர்த்திக் கட்டி, அதற்கு நீலச் சாயம் பூசியிருந்தார். ஒவ்வொன்றின் கழுத்திலும், அதாவது கழுத்து இருக்க வேண்டிய இடத்தில், சாமந்தி மாலை. ரோஸ்லி தட்டில் பொங்கலை வைத்துக்கொண்டு நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதுகாப்பு அதிகாரியையே கையில் போட்டுக்கொண்டாயிற்று.

"அண்ணே, இன்னிக்கு பீட்டர் வராருண்ணே!"

"வரட்டுமே. நல்ல நாளு பாத்துதான் வராரு."

வாசலில் கமலா அக்கா கோலத்தை முடித்துக்கொண்டிருந்தார். விருந்தினர் நுழையும் இடமாயிற்றே என்று பெரிதாகவே போட்டிருந்தார். அக்காவின் பெருமை சிக்குக்கோலம். எடுத்த கோடு எங்கும் அறுபடாமல், வளைந்து வளைந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். தரையில் ஏற்கெனவே வண்டிக்கான வெள்ளைக்கோடு நேராக ஓடுகிறதே, அதை வீணாக்குவானேன் என்று அதையும் கோலத்தின் ஒரு பக்கமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். அரிசி மாவும் அந்தக் கோடும் ஒரே வெள்ளை. இது எப்படி முடியும் என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வேலை தொடங்கும் மணி அடித்தது. வண்டிகள் கிளம்பின. லட்சுமி கொஞ்ச தூரம் போனது, மாலை சரிந்து லேசர் கண்ணை மூடியது. முன்னால் ஏதோ இருக்கிறது என்று லட்சுமி நின்றுவிட்டது. சிவகாமி, பச்சையம்மா, செவலை மூன்றும் அடுத்தடுத்து அதேபோல நின்றன. சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டு, மாலையும் கொம்புமாக, நடுவழியில் நான்கும் நின்ற கோலத்தைப் படம் எடுக்காதவர்கள் எங்கள் தொழிற்சாலையில் இல்லை. பெட்டிகளை எடுத்துப்போக வண்டி வராததால் இயந்திரங்கள் காத்திருந்து பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகத் தாமே நின்றன. நின்றதும் அனைவர் கைப்பேசிக்கும் செய்தி அனுப்பின. என் சுவரிலிருந்த திரை சிவந்துகொண்டே வந்தது.

கள்ளி மட்டும் ஓடியது. திருப்பத்தில் தயங்குகிற பழக்கத்தில் ஒரு குலுங்கு குலுங்கியதால் அதன் மாலை பக்கவாட்டில் ஒதுங்கிவிட்டது. மணி கிணிகிணிக்க, கம்பீரமாக வாசலை நோக்கிப் போய், வெள்ளைக்கோட்டோடு கோலத்துக்குள் நுழைந்தது.

அந்த நேரத்தில் லிம் கதவைத் திறந்து, "வெல்கம் டு அவர் ஸ்மார்ட் ஃபேக்டரி," என்று சொல்லி பீட்டரை உள்ளே விட்டார்.

பீட்டர் கண்ட காட்சி இதுதான். நீலக் கொம்பு வைத்த வண்டி ஒன்று, அவர் காலடியில், ஒரு கோலத்தின் வளைவுகளைப் பிசகாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று முடிந்ததும் நிற்கவில்லை. மறுபடி தொடங்கியது. கமலா அக்கா தன் கோலம் கலைகிறதே என்று கத்தினார். லிம்முடைய சட்டைப்பையில் கைப்பேசி பீப் பீப் என்று விடாமல் அடித்தது. ஒரு கணம் அது அண்ணன் வாயிலிருந்து வருகிறதென்று நினைத்து லிம் அவரைப் பார்த்து முறைத்தார்.

பீட்டர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார். பிறகு உள்ளே நடந்து, நின்றுபோன நான்கையும் பார்த்தார். குறிப்பேட்டைத் திறந்துகொண்டு, யார் இவற்றின் பொறுப்பாளர் என்று கேட்டார். அண்ணன் முன்னால் வந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு. மொழிபெயர்க்க என்னை நிறுத்தினார்கள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே மகிழ்ச்சி. நாங்கள் டேப் ஒட்டிச் செய்ய நினைத்ததை அண்ணனே தன் கையால், தெரியாமல், ஐந்து மடங்காகச் செய்து வைத்திருந்தார். இனி அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கமலா அக்கா எனக்குப் பின்னாலிருந்து, "சாமியா குடுத்த வழிண்ணே. பேசாம இருங்க," என்று தன்னுடைய வழக்கமான கிசுகிசுப்பில் சொன்னார். கிடங்கு வரை கேட்டிருக்கும்.

பீட்டர் கேட்டார். இப்படி வண்டிகள் நிற்பது அடிக்கடி நடக்கிறதா?

அண்ணன் தமிழில் சொன்னார், "ஒரு நாளும் நின்னது இல்ல."

நான் ஆங்கிலத்தில், "சம்டைம்ஸ்," என்றேன்.

எனக்கு அதில் இன்றுவரை துளி வருத்தமும் கிடையாது. ஆனால் அண்ணனுக்கு ஆங்கிலம் புரியும் என்பதை நான் மறந்துபோனேன்.

"சம்டைம்ஸ் இல்ல தங்கச்சி." என் பக்கம் திரும்பிச் சொன்னார். பிறகு முன்பக்கமாக, நேருக்கு நேர், பீட்டரைப் பார்த்து நின்றார். "நோ சார். நெவர். வெரி குட், ஆல் ஃபைவ். டுடே மை மிஸ்டேக்."

சொல்லிவிட்டுப் போய் லட்சுமியின் மாலையைக் கழற்றினார். லட்சுமி உடனே நகர்ந்தது. சிவகாமி, பச்சையம்மா, செவலை. ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற ஒவ்வொன்றும் ஒன்றுமே நடக்காதது போலத் தன் வழியில் கிளம்பியது. வாசலுக்கு வந்து கள்ளியின் முன்னால் கையை நீட்டி, "போதும்டி, தல சுத்தும்," என்றார். கள்ளி நின்றது. தோள் துண்டால் மாவைத் துடைத்து வெள்ளைக்கோட்டை மட்டும் மிச்சம் வைத்தார். கள்ளி கிடங்குக்குப் போனது. திரையில் சிவப்பெல்லாம் பச்சையானது.

"பாருங்க சார்," என்றார் அண்ணன். இதை மட்டும் நான் ஒழுங்காக மொழிபெயர்த்தேன், வேறு வழியில்லை. "கண்ண மறச்சதும் நின்னுச்சு. யாரையும் இடிக்கல. எடுத்ததும் யாரும் சொல்லாமலே வேலைக்குப் போயிருச்சு. இதுக்கு மேல என்னா சார் வேணும்?"

பீட்டர் மாலை வரை இருந்தார். வண்டிகள் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஒன்றாவது நின்றால் தேவலை என்று நான் வேண்டிக்கொண்டேன், கமலா அக்கா நேர்த்திக்கடனே நேர்ந்துகொண்டார். அண்ணன் மட்டும் ஒவ்வொரு வண்டி கடக்கும்போதும் பீட்டரின் முகத்தைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். பீட்டர் இரண்டு முறை பொங்கல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது அண்ணனுடன் நின்று படமும் எடுத்துக்கொண்டார்.

சில வாரங்களில் அறிக்கை வந்தது. வண்டிகள் மிக நன்றாகச் செயல்படுகின்றன. எதிர்பாராத தடை ஏற்பட்டபோது பாதுகாப்பாக நின்று, தடை நீங்கியதும் தாமாகவே பணியைத் தொடர்ந்தன. ஆகவே பார்த்துக்கொள்ள ஆள் தேவையில்லை. லிம் அதை அண்ணனிடம் சொல்லத் தைரியமில்லாமல் என்னை அனுப்பினார். லிம்மை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

அண்ணன் சார்ஜர் பக்கத்தில் செவலையின் சக்கரத்தில் சிக்கிய நூலை எடுத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். இந்த மாதத்தோடு முடிகிறது என்பதையும் சொன்னேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

"வண்டியப் பத்தி என்னா எழுதியிருக்காரு?"

"ரொம்ப நல்லா ஓடுதுன்னு எழுதியிருக்காருண்ணே."

"அஞ்சையுமா? கள்ளியையும் சேத்தா?"

"கள்ளியையும் சேத்துத்தான்."

"அது போதும் லா," என்றார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு மறுபடி நூலை எடுக்க உட்கார்ந்துவிட்டார். அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இப்போது எங்கள் வண்டிகள் பத்தாகிவிட்டன. புதிதாக வந்த ஐந்துக்கும் எண் மட்டும்தான். ஒன்றும் நிற்பதில்லை, ஒன்றும் இடிப்பதில்லை, திரை எப்போதும் பச்சையாகவே இருக்கிறது. என் மேசைக்கு வந்து தேவையில்லாத கேள்வி கேட்கவும் யாரும் இல்லை. என் வேலை நேரத்தோடு முடிந்து, நான் நேரத்தோடு வீட்டுக்குப் போகிறேன்.

பீட்டர் எழுதியது சரிதான். வண்டிகளுக்கு அவர் தேவையில்லை. எங்களுக்கு அவர் தேவைப்பட்டார் என்பதை எழுத அந்த அறிக்கையில் இடமில்லை, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.